பேட்டரியும் பரிவட்டமும்

திருப்பதியில் ரேணிகுண்டா போகிற சாலையில் இருக்கும் அந்தப் பார்சல் குடோனுக்குள் காலையில் நுழைகிறவர்களுக்கு, லாரிச் சத்தத்துக்கு முன்னால் பூவராகவனின் குரல்தான் கேட்கும். யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். திட்ட ஆள் கிடைக்காத நாளில் சென்னையிலிருந்து வந்து சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறைக் காகிதத்தைப் பார்த்து, அதை எழுதினவனின் தமிழைத் திட்டுவார். நெற்றியில் பளிச்சென்று திருமண், காதோரம் செருகின பேனா, கையில் பழைய கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையால் அடுத்தவர் தொட்ட எதையும் துடைத்துவிட்டுத்தான் தாம் தொடுவார். அதில் போனும் அடக்கம், பேனாவும் அடக்கம்.

அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். ஆசிட் பேட்டரியை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவர், மற்றவர்கள். முதல் வகையில் அவர் ஒருவர்தான் இருந்தார். இரண்டாவது வகையில் குடோன் ஆட்கள், டிரைவர்கள், வியாபாரிகள், கம்பெனி முதலாளி, முதலாளியின் மாப்பிள்ளை எல்லோரும் அடக்கம்.

இத்தனை கர்வத்துக்கு அவர் என்ன சாதித்தார் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. கோவில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்தார். ஆனால் கைங்கர்ய முறை பெரியப்பா வழிக்குப் போயிற்று. பெரியப்பா மகன் வேங்கடாசலம் பட்டுக்கரை வேஷ்டியோடு கோவிலுக்குப் போய்வர, பூவராகவன் பி.காம். படித்துவிட்டுச் சித்தூரில் ஒரு பார்சல் ஆபீசில் மாம்பழக்கூழ் டின்னுக்கும் வெல்லச் சிப்பத்துக்கும் ரசீது எழுதப் போனார். அன்றிலிருந்து உறவில் அவருக்குப் பெயர் ‘லாரி பூவராகவன்’. கல்யாணப் பந்தியில்கூட, “லாரிக்கு இன்னொரு கரண்டி சாத்துமுது” என்று ரசம் பரிமாறுகிறவனிடம் வேங்கடாசலம் சத்தமாகச் சொல்வார். பந்தியே சிரிக்கும். பூவராகவனும் சிரிப்பார், வீட்டுக்கு வந்து மனைவி ஸத்யபாமாவிடம் எரிந்து விழுவார்.

சித்தூரில் இருந்தபோதுதான் அந்த விபத்து. இன்வெர்ட்டர் பேட்டரி ஏற்றின பேலட்டுக்குப் பக்கத்தில் யாரோ இரும்புக் குழாய்க் கட்டை நிறுத்திவைத்திருந்தார்கள். பேலட் என்பது சரக்கை அடுக்கும் மரச்சட்டத் தட்டு. லாரி திரும்பும்போது குழாய்க் கட்டு சாய்ந்து பேட்டரிகளின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டது. பொறி பறந்து, அட்டை பற்றி, தார்ப்பாய் முழுக்க எரிந்து போயிற்று. ஆட்கள் தப்பினார்கள். கம்பெனி பயந்துபோய், பேட்டரி ஏற்றுகிற முறையைக் கற்றுவர யாரையாவது சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தது. வேறு யாரும் போக ஒப்பவில்லை. பூவராகவன் போனார்.

போனவர் சாதாரண குமாஸ்தா. திரும்பி வந்தவர் வேறு ஆள். பேட்டரி எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், படுக்கக்கூடாது. மேல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். முனைகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட வேண்டும். பேலட்டோடு சேர்த்துப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். பக்கத்துச் சரக்கு சரிந்து வந்து இடிக்காதபடி கட்டை அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரிக்கு மேல் எதையும் வைக்கக்கூடாது. ஒரு வெற்றிலைப் பையைக்கூட. இதையெல்லாம் அவர் பாசுரம் போல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். பிறவியில் கிடைக்காத கைங்கர்யம் ஒன்று தமக்கு லாரியில் கிடைத்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, திருப்பதி குடோனுக்கு மாற்றலாகி வந்ததும் அபாயச் சரக்கு முழுவதையும் தம் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வேலை சுத்தம். அதை மறைக்க வேண்டாம். அவர் பார்த்து ஏற்றின பேட்டரி எதுவும் வழியில் ஒழுகினதில்லை. வாய்தான் ஒழுகும்.

அலிபிரிப் பக்கம் மெஸ் நடத்தும் மல்லிகா ஒருநாள் சித்தூரில் இருக்கும் மகளுக்கு ஆவக்காய் ஜாடி ஒன்றைப் பார்சல் போட வந்தாள். குடோன் ஆள் ஒருத்தன் கைமறதியாக அந்த ஜாடியைப் பேட்டரி பேலட்டின்மேல் வைத்துவிட்டான். பூவராகவன் பார்த்துவிட்டார். குடோனில் அத்தனை பேர் இருக்க, அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ஏம்மா, ஊறுகாய்ல புளிப்பு போறலையா? பொண்ணுக்கு ஆசிட் ஊத்திக் குடுக்கலாம்னு வந்தேளா?”

“நான் எங்கய்யா வெச்சேன்? ஒங்க ஆளு வெச்சாரு.”

“வெக்கறவன் மூளையில்லாதவன். பாத்துண்டு நின்னேளே, உங்களுக்கு எங்க போச்சு?”

மல்லிகா முகம் சிவந்து, ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஜாடி பத்திரமாக வேறு பக்கம் ஏறியது. அதைத்தானே அவர் செய்ய வேண்டியது? அதை மட்டும் செய்ய அவருக்குத் தெரியாது.

குடோனின் மேஸ்திரி சிரஞ்சீவி. நாகலாபுரம் பக்கத்து ஆள். அப்பன் காலத்தில் கையளவு நிலம் கிடையாது, இப்போது தம்பி கொஞ்சம் பயிர் வைக்கிறான், இவன் இங்கே மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்குத் தலைவன். வாய்க்கொழுப்பில் பூவராகவனுக்குக் குறைந்தவன் அல்ல. என்ன, இவன் மெதுவாகப் பேசுவான். ஒருமுறை உடைந்த பேட்டரி ஒன்றைத் தூக்கிப்போட்டதில் அவன் லுங்கியில் ஆசிட் பட்டுவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தான். மறுநாள் அதே லுங்கியை இழுத்துக் கட்டும்போது துணி கையோடு வந்துவிட்டது.

பூவராகவன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு குடோன் கூரையில் முட்டியது. எல்லா ஆட்களையும் கூப்பிட்டு நிறுத்தி, சிரஞ்சீவியைக் காட்டிப் பாடம் நடத்தினார். “நன்னா பாத்துக்கோங்கோ. ஆசிட் பட்ட துணி அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் ஈரமா இருக்கும், அவ்வளவுதான். மறுநாள் இழுத்துக் கட்டறச்சேதான் மானம் போகும்.”

“போனது என் மானந்தானே சாமி. நீ ஏன் இவ்ளோ சந்தோசப்படறே?” என்றான் சிரஞ்சீவி.

இப்படியாக எல்லோரையும் இளக்காரம் செய்து கொண்டிருந்த மனிதருக்குள் ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உறவுக்காரர்கள் எல்லோரும் பார்க்க, தம் தலையில் கோவில் பரிவட்டம் ஏற வேண்டும். பெருமாளின் பிரசாதமாகப் பட்டர் தலையைச் சுற்றிக் கட்டிவிடும் அந்தத் துணி. வேங்கடாசலத்துக்கு அது வருஷா வருஷம் கிடைக்கிறது. பூவராகவன் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, “அவன் தலைக்கு அது ஒரு கேடு” என்பார்.

அந்த வாய்ப்பு ஒருவழியாக வந்தது. நாகலாபுரம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அவர்கள் குலத்துக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெருமாள் கோவில். பழுது பார்த்து சம்ப்ரோக்ஷணம், அதாவது கும்பாபிஷேகம், வைத்திருந்தார்கள். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து, பெருமாளுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியைப் பித்தளையில் புதிதாக வார்த்துத் தருவது என்று ஏற்பாடு. ஆள் உயரத் திருவாசி, கனமோ கனம். காரில் ஏறாது. திருப்பதியிலிருந்து அதை எப்படிக் கொண்டுபோவது என்று வேங்கடாசலம் கையைப் பிசைந்தபோது பூவராகவன் முன்னால் வந்தார்.

“நம்ம லாரில போகட்டும். அடியேன் பொறுப்பு.”

‘நம்ம லாரி’ என்றபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. திருவாசியைக் கொண்டுசேர்க்கிறவருக்குத்தான் முதல் பரிவட்டம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வேங்கடாசலத்தின் முகம் சுருங்கியதைப் பார்த்த சந்தோஷத்தில் பூவராகவன் அன்றைக்கு வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டார்.

“ஏன்னா, ஒரு துணியைத் தலையில சுத்திக்கறதுக்கா இத்தனை ஆட்டம்?” என்றாள் ஸத்யபாமா.

“உனக்கு என்ன தெரியும்? இனிமே எவனாவது லாரிம்பானா, பாக்கறேன்.”

சரக்கு ஏற்றும் நாள் வந்தது. நாகலாபுரம் வழியாகப் போகிற லாரியில் அன்றைக்கு என்னவெல்லாம் இருந்தது என்று சொன்னால்தான் அவர் பட்ட பாடு புரியும். கோழித்தீவன மூட்டைகள். முட்டைத் தட்டுகள். தோல் செருப்பு அட்டைப்பெட்டிகள். பன்றிப் பண்ணை ஒன்றுக்குப் போகிற தொட்டிகள். பிறகு, அதே கோவிலில் விளக்கெரியச் சித்தூர்க்காரர் ஒருவர் உபயமாகக் கொடுத்த இன்வெர்ட்டர் பேட்டரிகள், பூவராகவனே நின்று கட்டவைத்த ஒரு பேலட். தொப்பி, பட்டை, தடுப்புக் கட்டை எல்லாம் கச்சிதமாக இருந்தன.

வைக்கோல் சுற்றி, புதுக் கோணியில் பொதிந்த திருவாசி வந்து இறங்கியது. கூடவே ஒரு துணி மூட்டை. மேலே பெருமாளுக்குச் சாத்த வேண்டிய வஸ்திரம், அடியில் பரிவட்டத்துக்கான பருத்தித் துணிகள். சிரஞ்சீவி கையைத் தட்டிக்கொண்டு வந்தான்.

“தொடாதே. அது பெருமாள் சாமான். நானே பாத்துக்கறேன்,” என்றார் பூவராகவன்.

“நீ மட்டும் தூக்குவியா சாமி? முதுகு புட்டுக்கும்.”

கடைசியில், கோணிக்கு வெளியே கயிறு கட்டி, கயிற்றை மட்டும் ஆட்கள் பிடித்துத் தூக்கலாம் என்று ஒரு சாஸ்திரத்தை அவரே அந்த இடத்தில் உண்டாக்கினார். துணி மூட்டையை மட்டும் யாரையும் நெருங்க விடவில்லை. அதைத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். ஏறினவர் அங்கேயே திகைத்து நின்றுவிட்டார். எங்கே வைப்பது? லாரித் தளத்தில் வைக்க முடியாது. ஆட்கள் செருப்புக் காலோடு மிதிக்கிற இடம். தீவன மூட்டைமேல் வைக்க முடியாது. அதில் கருவாட்டுத் தூள் கலந்திருக்கிறது. முட்டைக்குப் பக்கம் முடியாது. செருப்புப் பெட்டிக்குக் கீழே, பக்கத்தில், மேலே, எங்கேயும் முடியாது. பன்றித் தொட்டியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

மாம்சமும் தோலும் படாமல் சுத்தமாக இருந்தது பேட்டரி பேலட் ஒன்றுதான். அதுவும் பெருமாள் கோவிலுக்கே போகிறது.

“ஒரு பலகை கொண்டா. பேட்டரி மேல போடு,” என்றார்.

சிரஞ்சீவி அசையவில்லை. “இன்னா சாமி சொல்றே?”

“காது கேக்கலையா? பலகை.”

“பேட்டரி மேல ஒரு வெத்தலைப் பையகூட வெக்கக்கூடாதுன்னு நீதான தினம் கத்திக்கினு கீறே.”

“அது சரக்குக்குச் சொன்னது. இது சரக்கா? பெருமாள்டா.”

“பெருமாளா இருந்தாலும் கனம் கனந்தான சாமி. மூடி நசுங்கிப் பூடும்.”

“பெருமாள் பாத்துப்பார். உனக்கு இதெல்லாம் புரியாது. பலகையைப் போடு.”

சிரஞ்சீவி போட்டான். போடாமல் என்ன செய்வான்? பலகையின்மேல் திருவாசி படுத்தது. பேட்டரி மூடிகள் அத்தனை பாரத்தையும் தாங்கின. திருவாசிக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்கில், பித்தளை அடிபடாமல் இருக்கட்டும் என்று துணி மூட்டையை அவரே தம் கையால் மெத்தைபோல் செருகினார். செருகிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மல்லிகாவின் ஆவக்காய் ஜாடிக்குக் கிடைக்காத இடம் அது.

லாரி புத்தூர் தாண்டி, நாராயணவனம் தாண்டி, பிச்சாட்டூர் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. அந்தச் சாலையில் வெறும் வயிற்றோடு போனாலே வாந்தி வரும். பேட்டரிகளுக்கு வராதா? ஊர் போய்ச் சேர்ந்ததும் கோவில் பரிசாரகர்கள் மேலே ஏறி, “யாரும் தொடாதீங்கோ” என்று சொல்லிக்கொண்டே துணி மூட்டையை முதலில் எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். திருவாசியையும் கயிற்றைப் பிடித்தே இறக்கினார்கள். அதன் பிறகுதான் கூடவே வந்திருந்த சிரஞ்சீவிக்குப் பேட்டரியைத் தொட உரிமை கிடைத்தது. பலகையைத் தூக்கினான். மூடிகள் பல நசுங்கி, பலகையின் அடியிலும் மேலும் ஈரம். விரலில் தொட்டான், சுருக்கென்றது.

தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, ஆசிட் அடங்க லாரித் தளத்தில் ஆப்பசோடாவைக் கொட்டி நுரைக்க விட்டுவிட்டு, உள்ளே போன பரிசாரகர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னான். “அய்யா, அந்தத் துணி மூட்டை நனைஞ்சிக்கிதா பாருங்க.”

“மடித் துணிப்பா. நனைஞ்சுதான் இருக்கும்,” என்றார் அவர். துவைத்து, யாரும் தொடாமல் ஈரத்தோடு இருப்பதுதான் அவருக்கு மடி, அதாவது சுத்தம். துணியில் ஈரம் இருந்தது அவருக்குத் திருப்தியாகவே இருந்தது.

சிரஞ்சீவி பூவராகவனுக்குப் போன் போட்டான். அவர் அப்போது மறுநாள் கட்டிக்கொண்டு போகிற வேஷ்டியின் கரையை இஸ்திரிக்காரனுக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

“சாமி, பேட்டரி ஒழுகிக் கீது. துணி மேல பட்டுக்கும்போல.”

“நீ பாத்தியா?”

“எங்க பாக்க உட்டாங்க? கிட்டவே போவக்கூடாதுன்னுட்டாங்க.”

“பாக்காம ஏன் பேசறே? மடி வஸ்திரத்தைப் பத்தி உன் வாயால பேசாதே. நீ உன் வேலையைப் பாரு.”

இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் நன்றாகத் திட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசிட்டைப் பற்றி அந்த ஜில்லாவிலேயே எவனுக்கும் எதுவும் தெரியாது என்று மார்தட்டினவர், ஆசிட் ஒழுகிவிட்டது என்று கேட்ட பிறகு இஸ்திரிப் பெட்டியில் கவனமாக இருந்தார். சொன்னவன் சிரஞ்சீவி, அது போதும், அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க.

மறுநாள் காலை சம்ப்ரோக்ஷணம் நன்றாகவே நடந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். திருப்பதியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு உறவினர்கள் வந்திருந்தார்கள். திருவாசி பெருமாளுக்குப் பின்னால் நின்று மின்னியது. பூவராகவன் சட்டையில்லாத உடம்பில் பன்னிரண்டு திருமண்ணும் பளபளக்க, வேங்கடாசலத்துக்கு முன்னால் நின்றார். முன்னால் நிற்பதற்காக அவர் காலை முதல் அங்கிருந்து நகரவே இல்லை.

பட்டர் மூட்டையின் அடியிலிருந்து ஒரு துணியை உருவிப் பெருமாள் திருவடியில் வைத்து எடுத்து, பூவராகவனின் தலையைச் சுற்றி நெற்றியோடு இறுக்கிக் கட்டினார். நாதஸ்வரம் ஒலித்தது. ஸத்யபாமா போனில் படம் எடுத்தாள். துணி சில்லென்று ஈரமாக இருந்தது. பெருமாளின் குளிர்ச்சி என்று பூவராகவன் நினைத்தார். கண்ணில் நீர் வந்தது.

கொஞ்ச நேரத்தில் நீர் அதிகமாக வந்தது. நெற்றியில் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்து, எறும்பு கடிப்பதுபோல் ஆகி, பிறகு யாரோ கொள்ளிக்கட்டையைப் படுக்கவைத்ததுபோல் எரிந்தது. அவர் அசையவில்லை. பக்தி மேலிட்டு நிற்கிறார் என்று பக்கத்தில் ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்த எரிச்சல் என்ன என்று அவருக்குத் தெரியாதா? வேர்வையோடு கலந்து ஒரு சொட்டு உதட்டில் இறங்கியதும் நாக்கு சொல்லிவிட்டது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டின பரிவட்டத்தை எப்படிக் கழற்றுவது, அதுவும் வேங்கடாசலத்தின் கண் முன்னால்?

அவர் கழற்றவில்லை. அதுவே கழன்றது. பட்டர் முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று இன்னொரு முறை இழுத்தார். துணி ஊறின அப்பளம்போல் அவர் கையோடு வந்தது. மிச்சம் துண்டு துண்டாகப் பூவராகவனின் தோளில் விழுந்தது.

நாதஸ்வரம் நின்றுவிட்டது.

“அபசாரம்,” என்றது ஒரு குரல். “பெருமாளுக்குத் திருவுள்ளம் இல்லை,” என்றது இன்னொன்று. வேங்கடாசலம் மீசையே இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டார்.

பூவராகவனுக்கு இரண்டு வழிதான் இருந்தது. பேசாமல் நின்றால், பெருமாளே வேண்டாம் என்று ஒதுக்கின மனிதன் என்று ஊர் சொல்லும். பேசினால், பேட்டரி மேல் சாமான் வைத்த முட்டாள் என்று ஊர் சொல்லும். முதலாவதில் கொஞ்சம் கௌரவமாவது இருந்தது. அவர் பேசாமல் நின்றார். எரிகிற நெற்றியோடு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

பட்டர் தடுமாறிப்போய், “சரி, நாழியாறது. வஸ்திரத்தைச் சாத்திடலாம்” என்று மூட்டையிலிருந்து பெருமாளின் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். அடுத்த பரிவட்டத்தை எடுத்து வேங்கடாசலத்தின் தலையில் கட்டப் போயிருந்தால் பூவராகவன் வாயே திறந்திருக்க மாட்டார் என்பது என் துணிபு. ஆனால் இந்தத் துணி போனது பெருமாளின் திருமேனிக்கு.

“சாத்தாதீங்கோ. அது ஆசிட்,” என்றார் பூவராகவன்.

“என்னது?”

“ஆசிட். பேட்டரி ஆசிட். பெருமாள் மேல படக்கூடாது.”

வேங்கடாசலம் முன்னால் வந்தார். “பெருமாள் வஸ்திரத்துல பேட்டரி ஆசிட் எப்படிடா வரும்?”

“பேட்டரி மேல வெச்சிருந்தது.”

“எந்த மடையன் வெச்சான்?”

கூட்டத்தின் பின்னால், கோவில் வாசலுக்கு வெளியே, சிரஞ்சீவி நின்றுகொண்டிருந்தான். பூவராகவன் அந்தப் பக்கம் திரும்பினார். ஒரு பெயரைச் சொன்னால் போதும், எல்லோரும் நம்புவார்கள். சிரஞ்சீவியும் அதைத்தான் எதிர்பார்த்தான்போல, மடித்துக் கட்டின லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான். பூவராகவன் வாயைத் திறந்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கண்ணில் இறங்கியது.

“நான்தான். நான்தான் வெச்சேன். தண்ணி கொண்டாங்கோ, கண்ணு போறது,” என்று கத்தினார்.

உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் மஞ்சள் என்றார், ஒருவர் சுண்ணாம்பு என்றார். சிரஞ்சீவி யாரையும் கேட்காமல், பந்திக்கு வந்திருந்த தண்ணீர் டேங்கரின் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, அவரை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தித் தலையோடு திறந்துவிட்டான்.

“கண்ணத் தொறந்து வெச்சிக்க சாமி. தேய்க்காத. ஒடம்புல பட்டா தண்ணி, தரையில கொட்டினாத்தான் ஆப்பசோடா. நீ சொன்னதுதான்.”

“தெரியும்டா,” என்றார் பூவராகவன், தண்ணீருக்குள்ளிருந்து.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருமண் முழுக்கக் கரைந்து போயிருந்தது. அது இருந்த இடத்தில், நெற்றியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கட்டு இருந்த அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு பட்டை. நெடுக்கே திருமண் இடுகிற வம்சத்தில் குறுக்கே ஒரு கோடு. ஈரம் சொட்டச் சொட்ட அவர் உள்ளே வந்ததும், வேங்கடாசலம் அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏண்டா பூவராகவா, எப்பலேர்ந்து சிவன் கோவில்ல சேர்ந்தே?”

வேன் வேனாக வந்திருந்த உறவு மொத்தமும் சிரித்தது. பட்டர்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார். ஸத்யபாமா மட்டும் சிரிக்கவில்லை; போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவள் எடுத்த படங்களைப் பார்க்க அவர் பிற்பாடு ஒருநாளும் கேட்கவில்லை.

பூவராகவன் குடோனுக்குத் திரும்பினபோது செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. டாக்டர் நெற்றியில் எதையும் பூசக்கூடாது என்று சொல்லிவிட்டதால், பிறந்தது முதல் யாரும் பார்க்காத வெறும் நெற்றியோடு, குறுக்குக் கோட்டோடு, அவர் வேலை பார்க்க வேண்டியிருந்தது. முதலாளி எச்சரிக்கைக் காகிதம் ஒன்று கொடுத்தார். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஆட்கள் கண்டுபிடித்த புது வழக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. எந்தச் சரக்கு வந்து இறங்கினாலும், சிமெண்ட் மூட்டையோ மிளகாய் மூட்டையோ, யாராவது ஒருத்தன் மிகுந்த பணிவோடு வந்து கேட்பான்.

“சாமி, இது சரக்கா, பெருமாளா?”

“சரக்கு,” என்பார். திட்ட வாய் வராது. திட்டினால் அவன் இவர் நெற்றியைப் பார்ப்பான்.

கோடு மங்கி, திருமண் மறுபடி ஏறின பிறகு ஒருநாள் மல்லிகா வந்தாள். சித்தூரில் மகள் புது வீடு கட்டிக் குடிபோகிறாள்; பூஜை அறைக்கென்று கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்த பெரிய பெருமாள் படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சரிகைத் துணியால் மூடி, மேலே துளசி வைத்திருந்தாள். சித்தூர் லாரியில் அன்றைக்குக் கோழித்தீவனம், செருப்பு, ஒரு பேலட் பேட்டரி எல்லாம் ஏறியிருந்தன. படத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பேட்டரியின்மேல் மட்டும் சமதளமாக, சுத்தமாக இடம் இருந்தது. அவள் கண் அங்கே போயிற்று. பழைய நாள் நினைவு வந்ததுபோல் சட்டென்று திரும்பிவிட்டது.

சிரஞ்சீவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். குடோனில் வேலை நின்றது.

“சாமி. இது சரக்கா, பெருமாளா?”

பூவராகவன் படத்தைப் பார்த்தார். சரிகை விலகின இடத்தில் திருவடி தெரிந்தது. கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், மறுபடி பையில் வைத்தார்.

“சரக்கு. கீழ வை. தளத்துல நிறுத்திக் கட்டை அடி,” என்றார்.

மல்லிகா அவரையே பார்த்தாள். சிரஞ்சீவி படத்தை வாங்கிக்கொண்டு போய், ஆட்கள் மிதிக்கிற தளத்தில், செருப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பூவராகவன் அது முடிகிறவரைக்கும் நின்று பார்த்தார். கட்டை அடித்த பிறகு ஒருதரம் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போய், சரக்கு என்று சொன்ன வாயைக் கொப்பளித்தார். வெகுநேரம் கொப்பளித்தார்.